வெயிலில் போட்ட நாற்காலி

ஒரு காலத்தில் அது நல்ல சிவப்பு நாற்காலி. இப்போது சாயம் போய் வெளிறிக் கிடக்கிறது. பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் தூக்கிப் போடு என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். போட மாட்டேன். என் மாமியாருக்காக, நான் அத்தை என்று கூப்பிட்டவருக்காக, வாங்கியது அது.

ஊரில் ஆளுக்கொரு செல்போன் வரத் தொடங்கியிருந்த நேரம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் எங்கள் வீடு. அத்தை முப்பது வருடத்துக்கு மேல் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். விடியுமுன் வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பகல் முழுக்க அறைக்குள் குனிந்தே வேலை. வெயிலுக்குப் பேர்போன ஊரில் அவர் உடம்பில் வெயில் பட்டது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வேலையை விட்டு நின்றதும் கால்கள் தளர்ந்தன. தரையில் உட்கார்ந்தால் கதவு நிலையைப் பிடித்துத்தான் எழுந்தார். "என்னைய ஒருத்தர் தூக்கி கக்கூசுக்குக் கொண்டுபோற நெலமை மட்டும் வந்துறக் கூடாது தாயி" என்பார். அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

விருதுநகரில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் எலும்பும் தசையும் வலுவிழந்திருக்கின்றன என்றார். வாரம் ஒரு பொட்டலம் மருந்தைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும், தினம் ஒரு முட்டை, பருப்பு, காலை பத்து மணி வெயிலில் அரை மணி நேரம். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழ வேண்டும். சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவருக்கு வெயில் குறைச்சலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளே நாற்காலி வாங்கிப் பின்வாசலின் சிமெண்ட் தரையில், நட்ட நடுவில் போட்டேன். திருத்தங்கலில் லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் எனக்கு வேலை. கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்ததும் உட்கார்ந்தீகளா என்று கேட்பேன். ம் என்பார். முட்டையை என் தலை மறைந்ததும் மகன் தட்டுக்கு மாற்றிவிடுவார். அதைக் கண்டுபிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். நாலு மாதமாயிற்று, கால் தேறவில்லை. டாக்டரையே குறை சொன்னேன்.

ஒருநாள் கரண்ட் போய் பிரஸ்ஸை மூடிவிட்டதால் காலையிலேயே திரும்பி வந்தேன். நாற்காலி வெயிலில் தனியாக இருந்தது. அத்தை கதவுக்கு உள்ளே, நிழலில், அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இம்புட்டு நாளும் ஏமாத்தினீகளா என்று கத்தினேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "வெயில்ல காய வைக்கிறது வெடிய தாயி. இந்தத் தரையப் பாத்தா காய வைக்கிற களம் மாதிரியே இருக்கு. ஒன் மாமா அங்கனதான நின்னாரு."

மாமா, அத்தையின் வீட்டுக்காரர், வெடி விபத்தில் போனார் என்பது தெரியும். எங்கே, எப்படி என்று கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

அன்றைக்கே நாற்காலியைத் தெருவாசலுக்குக் கொண்டு போனேன். மண் தரை, எதிர்வீட்டுப் பெண்களின் பேச்சு. அத்தை உட்கார்ந்தார். முட்டையை என் கண் முன்னால் சாப்பிட்டார். இருபது நாள் போல இருக்கும், "இன்னைக்குக் கையூண்டாம மூணு தடவ எந்திரிச்சேன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னார். அந்த வாரமே குளிக்கப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் எழவில்லை. எட்டு மாதம் நான்தான் தூக்கினேன். தூக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார்.

இப்போது எனக்கும் அதே பரிசோதனை, அதே மருந்து. காலை பத்து மணிக்கு இந்த நாற்காலியைத் தெருவாசலில் போட்டு உட்காருகிறேன். கையூன்றாமல் எழுந்து எண்ணுகிறேன். அந்த நாலு மாதமும் என் கையில்தான் இருந்தது. தினமும் உட்கார்ந்தீகளா என்று கேட்டேன். ஏன் உட்காரலை என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.