என் அம்மா வாயை அடக்கிய வருஷம்

பித்தளைக் குடத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் முதலில் கணீரென்று இருக்கும். குடம் நிறைய நிறைய அது தடித்துக்கொண்டே வந்து, கழுத்தை எட்டும்போது குழறலாகிவிடும். ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் சந்தின் முனையில் ஒரே குழாய்தான். விடிந்தும் விடியாமலும் துறைமுகத்துச் ‘சங்கு’ ஊதும் முன்பே அங்கே குடங்கள் வரிசை பிடித்துவிடும். பாயில் படுத்தபடியே, யாருடைய குடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்து என்னால் சொல்லிவிட முடியும். அதற்கும் மேலாக, அதை அமுக்கிக்கொண்டு, இன்னொரு சத்தம் கேட்கும். அது என் அம்மாவின் குரல்.

அம்மாவின் பெயர் சலோமி. சந்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோவது அவள்தான். பிரசவ வலி எடுத்த வீட்டுக்குக் கூப்பிடாமலே போய் நிற்பாள். ஆனால் வாயைத் திறந்தால் போயிற்று. ‘சலோமிக்குக் கை தங்கம், வாய் தேளு’ என்பார்கள். வரிசையை மீறி யாராவது குடத்தை நகர்த்தினால், அவர்களுடைய பிறப்பிலிருந்து தொடங்கி, போன வாரம் அவர்கள் வீட்டில் கருகிய குழம்பு வரைக்கும் ஒன்று விடாமல் எடுத்து வைப்பாள். அவள் திட்டுவதைக் கேட்பதற்கென்றே காசிமேட்டு மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். எட்டு வயதில் எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சலோமியின் மகள் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் என் பின்னலைப் பிடித்து இழுக்கமாட்டாள்.

அதே அம்மா ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கோயிலில் முன் வரிசையில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாள். இரண்டுக்கும் நடுவே ஏதோ இடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. குடி, திருட்டு, நாடகக் கொட்டகை என்று பாவங்களுக்கு அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. பேச்சு அதில் சேரவில்லை.

எங்கள் சபையில் லேயாள் அக்கா என்று ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வயதுக்குள் விதவையானவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுக்கிற வேலை. தெருவில் அவரைப் ‘பைபிளம்மா’ என்பார்கள். ஞாயிறு பள்ளியில் எனக்கும் அவர்தான் டீச்சர். ஒருநாள் குழாயடியில் அம்மா உச்சத்தில் இருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, “பிள்ளைங்க கேட்டுகினு கீறாங்கக்கா” என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் மீன்காரிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அந்த வருஷம் லெந்து காலம் தொடங்கிய வாரம். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன் மட்டும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டுக் கல்மண்டபம் ரோட்டில் வந்துகொண்டிருந்த நான், எதிரே வந்த ஜட்கா குதிரைவண்டியில் லேயாள் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் ஓர் ஆண். அவன் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அக்கா முந்தானையால் அவனை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்ததைச் சொன்னேன். அவள் கை நின்றது. “சாய்ஞ்சிகினா இருந்தான்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொதுவாக என் பேச்சுக்கு அவள் அவ்வளவு காது கொடுப்பதில்லை. அன்று அவள் முகம் முழுவதும் என் பக்கம் திரும்பியிருந்தது எனக்கு இனித்தது. “கைய புட்ச்சிகினு இருந்தாளா?” என்று அடுத்துக் கேட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை அது குழாயடிக்குப் போயிற்று. மாலைக்குள் வேறு உருவம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆள் ரங்கூன் கப்பலில் வந்தவன், ஊரில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், கடற்கரையில் இரண்டு பேரையும் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. சபைப் பெரியவர்கள் கூடி, விசாரித்து முடிக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று லேயாள் அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஞாயிறு பள்ளிக்கு வேறு டீச்சர் வந்தார். அக்கா யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை. குழாயடிக்கு வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் அம்மா அவர் குடத்தைக் காலால் வரிசையை விட்டு வெளியே தள்ளியதை நான் பார்த்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றார். கையைப் பிடித்ததை நான் பார்க்கவில்லை என்று அப்போதும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம், கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் அப்பா தாவீது, நான் நைனா என்று கூப்பிடுபவர், துறைமுகப் பட்டறையில் தச்சர். அதிகம் பேசாதவர். சபையில் ஏழைப்பட்டவர்கள் இறந்தால், சரக்குப் பெட்டிப் பலகையில் சவப்பெட்டி செய்து கொடுப்பது அவர் வழக்கம். கதவு தட்டும் சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு எழுந்து போனாள். வாசலில் லேயாள் அக்கா நின்றிருந்தார்.

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து, “தாவீதண்ணே, ஒரு பொட்டி வோணும். என் தம்பி காலையில பூட்டான். அஞ்சரை அடி இருப்பான்” என்றார்.

நைனா கையை உதறிக்கொண்டு எழுந்தார். “தம்பியா? உனக்குத் தம்பி கீதுன்னே தெரியாதேம்மா” என்றார்.

அக்கா நின்ற இடத்திலேயே நாலு வார்த்தையில் சொல்லி முடித்தார். தம்பி ரங்கூனில் மரக்கிடங்கில் வேலை பார்த்தவன். இருமினால் ரத்தம் வருகிற நிலையில் ஊர் திரும்பினான். விஷயம் தெரிந்தால் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் இருவரையும் வெளியே தள்ளிவிடுவார் என்று ஒருவருக்கும் சொல்லாமல் அவனைத் தன் ஒற்றை அறையில் வைத்து அக்காவே பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஜட்காவில் கூட்டிப் போவார். “அவனால நிமிர்ந்து உக்கார முடியலண்ணே. எம்மேலேயே சாச்சிகினு போனேன்” என்றார். சொல்லும்போதும் அவர் கண் அம்மா பக்கம் திரும்பவில்லை.

நைனா அளவுகோலை எடுத்துக்கொண்டு அவரோடு போய்விட்டார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. அடி விழும் என்று தெரிந்தும் நான் கிட்டே போய், “கைய புட்ச்சிகினு இருந்ததை நான் பாக்கலம்மா” என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ ஊத்தினது ஒரு சொட்டு. கொடத்த ரொப்பினது நான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஆனா அந்தச் சொட்டு உன்னுது. அத நீயேதான் போய்ச் சொல்லணும்” என்றாள்.

பிறகு எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு லேயாள் அக்கா வீட்டுக்குப் போனாள். காசநோய் என்று கேட்டு அந்த வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. அம்மா தண்ணீர் சுமந்து வந்து அறையைக் கழுவினாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறந்தவனைத் துடைத்துத் துணி மாற்றினாள். வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். அம்மா அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். எனக்கு அடுத்து வரப்போகும் வார்த்தைகூடத் தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்துவிட்டாள். அவள் அப்படித் திரும்பியதை என் வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அடக்கம் முடிந்த பிறகு அக்காவின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அக்கா எழுந்துபோய்த் தம்பியின் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

மறுநாள் குழாயடியில் கூட்டம் நிறைந்திருந்தபோது அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “லேயாளப் பத்தி நான் சொன்னது பொய். அது அவ தம்பி. நான் கண்ணால எதையும் பாக்கல. பாத்தாமேரி சொன்னேன்.” குழாயடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி மட்டும் சிரித்தாள். அதையே அம்மா அடுத்த ஞாயிறு, பெண்கள் எழுந்து பேசி அறியாத எங்கள் கோயிலில், ‘ஐயர்’ என்று நாங்கள் அழைத்த போதகர் முன்பும் பெரியவர்கள் முன்பும் எழுந்து நின்று சொன்னாள். விசாரிக்காமலே தண்டித்த பெரியவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லேயாள் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

நானும் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுத் தனியாகப் போய் என் பொய்யைச் சொன்னேன். அக்கா துணி தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்து, “பாக்காததப் பாத்தேன்னு இனிமே சொல்லாதம்மா” என்றார். பிறகு வரப்போகும் ஞாயிறு பாடம் படித்தாயா என்று கேட்டார்.

ஈஸ்டர் அன்று அம்மா திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னே போகவில்லை. ஐயர் வந்து கூப்பிட்டும், மன்னித்தேன் என்று லேயாள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து லேயாள் அக்கா அந்தப் பின்வரிசைக்கு வந்தார். “நான் மன்னிச்சிட்டேங்கா. நெசமாத்தான். ஆனா உங்க வூட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் கால் வரல. அதுக்காவ ஜபம் பண்ணிக்கோங்க” என்றார். அன்று அம்மா முன்னே போனாள். அந்த ஜபத்தை அன்று முதல் தினமும் எங்கள் வீட்டில் எல்லாரும் முழங்காலில் நின்று செய்தோம்.

பாவத்தை விட்டுத் திரும்ப அம்மாவுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. நாக்கு திரும்பத்தான் ஒரு வருஷம் ஆயிற்று. அவள் மனம் மாறினாள் என்பது தெரிந்ததும் குழாயடியில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. “இன்னா சலோமி, ஊமையாய்ட்டியா?” என்று மீன்காரிகள் சீண்டுவார்கள். வேண்டுமென்றே அவள் குடத்தை நகர்த்துவார்கள். கோபம் தொண்டைக்கு வந்தால் அம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் முழங்காலிட்டுக்கொள்வாள். அன்று வீட்டில் தண்ணீர் இருக்காது. நைனா தானே போய் அந்தக் குடத்தை நிரப்பித் தூக்கி வருவார். ஆண்கள் குழாயடிக்கு வராத காலம் அது. சந்தே பார்த்துச் சிரித்தது.

சில நாள் அடக்க முடியாமல் பழைய வாய் வந்துவிடும். அப்படித் திட்டிவிட்ட அன்று சாயங்காலமே திட்டு வாங்கியவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அது அவளுக்கு உயிர்போகிற வேலை. “மன்னிப்புக் கேட்டுக் கேட்டே என் மானம் போச்சுடி. அதுக்கு வாய மூடிகினு இருக்கறதே சுளுவு” என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கோடை கழிந்தபோது திட்டுகள் குறைந்திருந்தன. ஒருநாள் அவள் போட்டுவிட்டு வந்த குடத்தை எடுத்துவர நான் போனேன். அது நிறைந்திருந்தது. அவளைச் சீண்டியவளே நிரப்பி, ஓரமாக எடுத்து வைத்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கதவு தட்டுவதைக் கேட்டு நான்தான் திறந்தேன். லேயாள் அக்கா சொட்டச் சொட்ட நனைந்து, புத்தகப் பையை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கணம் தயங்கி உள்ளே காலெடுத்து வைத்தார். அம்மா எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் புருஷன் அடித்து அடித்து ஒரு பெண் பேச்சையே விட்டுவிட்டாள், தான் போனால் மாமியார் கதவைச் சாத்திவிடுகிறாள், நீங்களும் கூட வருகிறீர்களா என்று அக்கா அம்மாவைக் கேட்டார்.

“என் வாய நம்பியா கூப்புடறே?” என்றாள் அம்மா.

“அத நம்பித்தாங்கா” என்றார் லேயாள் அக்கா.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, நைனாவின் பழைய குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எந்த மாமியாரிடம் எப்படிப் பேசினால் கதவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியாததா. அன்று திறந்த அந்தக் கதவுக்குப் பிறகு, முப்பது வருஷம் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். எத்தனையோ வீடுகளில் சண்டை தீர்க்கச் சலோமியம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, அந்தக் கோபம் எப்போது போயிற்று என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். “எங்க போவும்? உள்ளதான் கீது” என்றாள். “தெனம் அது எந்திரிக்கிறதுக்குள்ள நான் எந்திரிச்சி முட்டிபோட்டுடுவேன். அவ்ளோதான்.”

போன மாதம் ராயபுரம் போயிருந்தேன். சந்தின் முனையில் இப்போது இரும்புக் கடை. ஜட்காக்கள் நின்ற இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கரையில் கருங்கல் கொட்டிக் கடலைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். அம்மாவும் லேயாள் அக்காவும் ஒரே கல்லறைத் தோட்டத்தில், நாலு கல்லறை இடைவெளியில் இருக்கிறார்கள். என் பேத்தி, அந்தக் காலத்து மெட்ராஸ் பாஷையில் ஏதாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றாள். கீது, வோணும், பேஜாரு, கலீஜ் என்று நிறையச் சொன்னேன். ஆனால் குழாயடியில் அம்மா எடுத்து வீசிய வார்த்தைகள் சில உண்டு. வேறு யார் வாயிலும் நான் கேட்டறியாதவை, ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. அவற்றை நான் சொல்லவில்லை. அவை தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது இன்று நான் ஒருத்திதான். என்னோடு அவையும் போய்விடும். காலம் கொண்டுபோனதற்கெல்லாம் வருத்தப்படும் வயதுதான் எனக்கு. இதற்கு மட்டும் வருத்தமில்லை.