விரல் படாத படம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் பங்களாவில் டீ போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. பழைய வரைபடங்களின் வரலாறு சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஒருவர் வருடந்தோறும் கல்லூரிப் பிள்ளைகளோடு அங்கே வந்து தங்குவார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. துரைமார் காலத்து எஸ்டேட் படத்தை மேசையில் விரித்தால் யார் விரலும் அதன்மேல் படக்கூடாது. அவரே ஈர்க்குச்சியால்தான் தொட்டுக் காட்டுவார்.

எங்கள் ஆட்களின் இடுகாட்டைச் சமன் செய்து, டூரிஸ்டுகள் வண்டி நிறுத்த இடம் போடப்போவதாக ஒரு வருடம் அவர் வந்திருந்தபோது பேச்சு. அங்கே இடுகாடே இருந்ததில்லை என்று சாதித்தார் மேனேஜர். யாரிடமும் பேசக் கூசுகிற நான், அன்று படம் விரித்த மேசைக்குப் பக்கத்தில் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏனுங்க ஐயா, எம்மகனப் பொதைச்ச எடம் இதுல இருக்குதுங்களா? ஃபேக்டரிக்குக் கீழங்க.”

குனிந்து வெகுநேரம் தேடினார். “துரையோட நாய்ச் சமாதி இருக்கும்மா. உங்க இடுகாட்டப் போடல.”

“அப்ப நீங்க போட்டுக் குடுங்க சாமி. மேனேஜருகிட்டக் காட்டோணுங்க.”

“நான் படம் போடறவன் இல்லம்மா. படத்தோட வரலாறு சொல்லித் தர்றவன்.” குரல் தாழ்ந்துதான் சொன்னார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? படத்துல என்ன இல்லைங்கறதையும் படிக்கணும்.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

மறுவருடமும் வந்தார். “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கும்பிட்டார். படத்தை விரித்து ஈர்க்குச்சியை எடுத்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். ஃபேக்டரிக்குக் கீழே, புதிதாகப் போட்ட சிமென்டுத் தரையில், என் மகன் கிடக்கும் இடத்தின்மேல் அவர் வந்த வேன் நின்றிருந்தது. காகிதம் நோகாமல் பார்த்துக்கொள்கிற அந்த மனிதருக்கு அது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.