பதினான்காம் ஷரத்தில் ஒரு சுருக்கொப்பம்

லென் ஹுடாக்கைக் கோபப்படுத்துவது சுலபம். "தீயணைப்பு வண்டிக்கு மூணு பேர் போதாதா?" என்று கேட்டால் போதும். மனுஷர் கையில் இருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசுவார். ஹார்லன்பர்க் ஊரில் பலர் அதற்காகவே அவரிடம் அப்படிக் கேட்பதுண்டு.

இரும்பாலைத் தொழிலாளியின் மகன். ஆலை மூடிய அன்று அவருடைய அப்பா இருபத்தாறு வருஷ வேலைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். "பாத்துக்கலாம்னு சொன்னாங்களேடா" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து லென்னுக்கு வாய்வார்த்தை என்றாலே ஆகாது. எழுத்தில் காட்டு என்பார். தீயணைப்புப் படையில் முப்பத்திரண்டு வருஷம், அதில் பதினாறு வருஷம் சங்கத் தலைவர். ஒப்பந்தத்தைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து எல்லோர் சட்டைப் பையிலும் இருக்க வைத்தவரும் அவர்தான்.

நாலு பேர் என்பதில் அவர் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிகிற வீட்டுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர் உள்ளே போனால், அவர்கள் மாட்டிக்கொண்டால் இழுத்து வர, இரண்டு பேர் வெளியே நிற்க வேண்டும். வண்டியில் மூன்று பேர்தான் போனால் கணக்கு இடிக்கும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அடுத்த வண்டி வர ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷமும் வாசலில் நின்று, உள்ளே கத்துகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எந்த வீரனும் அப்படி நிற்க மாட்டான். தனியாக உள்ளே ஓடிவிடுவான்.

ஏப்ரல் மாதம், நகரசபையில் புது ஒப்பந்தத்துக்கான மூன்றாவது அமர்வு. எதிரே நகரசபையின் வக்கீல் மார்ஜரி கிராண்டல். இந்தப் பக்கம் லென். அவர் பக்கத்தில் சங்கச் செயலாளர் கோலீன் வுகோவிச். லென் கேப்டனாக இருக்கும் இரண்டாம் எண் வண்டியில் பின்னிருக்கைக்காரி அவள். இருவரும் பணி நேரத்தில்தான் வந்திருந்தார்கள். அது அந்தச் சங்கத்தின் பழக்கம். வண்டி வாசலில் நிற்கும், பூட்ஸ் காலோடு பேச்சுவார்த்தைக்கு உட்காருவார்கள், மேஜைமேல் ரேடியோ இருக்கும். அழைப்பு வந்தால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். அதில் லென்னுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாங்கள் யார் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்பார்.

கிராண்டல் நிதானமாக ஆரம்பித்தாள். "வருஷத்துக்கு நாலு சதவீத உயர்வு. மூணு வருஷத்துக்கு. அதுக்குப் பதிலா வண்டிக்கு மூணு பேர்."

"பேச்சே கிடையாது. அடுத்த விஷயத்துக்கு வாங்க."

"மிஸ்டர் ஹுடாக், அந்த நாலுங்கிற எண் ஒப்பந்தத்துல எங்க இருக்கு?"

"பதினாலாவது ஷரத்து. 'இன்று நடைமுறையில் உள்ள எதுவும் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் மாறாது.' நாப்பது வருஷமா நாலு பேர்தான் போறோம். அதுதான் நடைமுறை. உங்களுக்கு வாசிச்சுக் காட்டணுமா?"

"காட்டுங்க. அப்படியே அடுத்த வரியையும் வாசிங்க."

"அடுத்த வரியே கிடையாதும்மா!"

அவள் ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தின் அசல் பக்கம். லென் சொன்ன வாக்கியத்துக்கு அடியில் இன்னொரு வாக்கியம் இருந்தது: 'வண்டியில் செல்வோரின் எண்ணிக்கை இதில் அடங்காது, அதைத் தலைமை அதிகாரியே தீர்மானிப்பார்.' ஓரத்தில் நீல மையில் இரண்டு எழுத்து. எல். ஹெச்.

லென்னுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைப் பையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி எடுத்துப் புரட்டினார். அதில் அந்த வரி இல்லை. "இது ஃபோர்ஜரி" என்றார். ஆனால் அந்த 'ஹெச்' எழுத்தின் கால் வளைவு அவருடையதுதான். காசோலையில், மகளின் பள்ளிக்கூடக் காகிதங்களில், எல்லாவற்றிலும் அப்படித்தான் வளைப்பார்.

"புத்தகம் யார் அச்சடிச்சது?" என்று கிராண்டல் கேட்டாள்.

சங்கம்தான் அச்சடித்தது. பழைய புத்தகத்தில் சம்பளப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்து, மற்றதை அப்படியே அச்சடித்திருந்தார்கள். செத்துப்போன ஒரு ஷரத்தைச் சங்கத்தின் நாற்பத்தேழு பேரும் ஒன்பது வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்! பழைய தலைமை அதிகாரியும் நாலு பேர் வேண்டும் என்கிற ஆசாமி, அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்தவர்தான் கோப்பைத் தோண்டியிருக்கிறார்.

கோலீன் அந்தப் பக்கத்தில் போட்டிருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். அக்டோபர் பதினொன்று, மதியம் இரண்டு நாற்பது. நிலையத்துக்குப் போன் போட்டு, பழைய பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியை வாசிக்கச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் வெளுத்தது.

"ரெண்டு நாப்பத்தொண்ணு. டிப்போ தெரு, வீட்டுல தீ. ரெண்டாம் வண்டி நகரசபைல இருந்து கிளம்பியிருக்கு, லென்."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஐயோ, எப்படி மறந்தார்! ரேடியோ அலறியது, ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது, பழைய வக்கீல் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். "ரெண்டே பக்கம் லென், வரிசை எண் மாத்தினதுதான், போறப்ப ஒரு கீறல் போட்டுட்டுப் போயிடு." நின்றபடியே போட்டார். வாசிக்கவில்லை. எழுத்தில் காட்டு, எழுத்தில் காட்டு என்று ஊரையே படுத்திய மனுஷர், எழுத்து கண்ணெதிரே இருந்தபோது பார்க்கவில்லை.

இடைவேளையில் தாழ்வாரத்தில் கிராண்டல் அவரிடம் தனியாக வந்தாள். கெட்ட பொம்பளை இல்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

"நீங்க வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்துல இடமில்லை. ஒத்துக்கலேன்னா நடுவர்கிட்டதான் போகணும். அங்க முதல் ஆதாரமே இந்தப் பக்கம்தான். பத்திரிகைல உங்க பேரோட வரும். நாலு சதவீதமும் போயிடும். இப்பவே ஒத்துக்கிட்டா, நாலாவது ஆளை நல்ல விலைக்குக் குடுத்தீங்கன்னு உங்க ஆளுங்க கைதட்டுவாங்க. இந்தப் பக்கம் என் கோப்பைவிட்டு வெளிய வராது."

லென் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் மனைவி ஐரீனிடம் மட்டும் சொன்னார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூடம். காபி, இரண்டு பெட்டி டோனட், நாற்பத்தேழு பேரும் ஆஜர். லென் மேடையில் ஏறவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பக்கம், தேதி, பேனா, கோட்டுக் கை. எதையும் மறைக்கவில்லை.

"தப்பு என்னோடது. ஆனா இன்னும் வழி இருக்கு. அந்தப் பக்கத்துக்கு அப்புறமும் ஒன்பது வருஷம் நாலு பேர்தான் போயிருக்கோம். நடுவர்கிட்ட அதைச் சொல்லிச் சண்டை போடலாம். ஜெயிச்சாலும் ஜெயிப்போம். என் பேர் பேப்பர்ல நாறட்டும், அதப்பத்திக் கவலையில்ல. இந்த நாலு சதவீதத்த வேண்டாம்னு போடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். நாற்காலி பறந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பட் சாபோ எழுந்தான். பதினாறு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் லென்னை எதிர்த்தே பேசியவன். லென் தோளை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"பேசினது போதும்" என்றான் பட். "பெட்டியக் கொண்டாங்க, ஓட்டுப் போடுவோம்."

கோலீன்தான் சீட்டுகளை எண்ணினாள். நகரசபையின் ஒப்பந்தத்தை ஏற்க நாற்பத்தொன்று. மறுக்க ஆறு.

"இன்னொரு தடவை எண்ணு" என்றார் லென். எண்ணினாள். நாற்பத்தொன்று, ஆறு.

அவர் யாரையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். நாலு சதவீதத்துக்கு விற்றுவிட்டார்களே, பாவிகள்! இவர்களுக்காகவா முப்பத்திரண்டு வருஷம் புகையைக் குடித்தேன் என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே கோலீன் ஓடி வந்தாள்.

"லென், நானும் ஏத்துக்கறேன்னுதான் போட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஆறில் அவள் ஒருத்தி என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை.

"நீயா? பின்சீட்டுல உக்காரப்போறதே நீதானே! உனக்குமா காசு பெரிசாப் போச்சு?"

"காசா? ஒரு பத்துப் பேர் காசுக்குப் போட்டிருப்பாங்க, இல்லேங்கல. மத்தவங்க எதுக்குப் போட்டாங்கன்னு நெனைக்கிற? நடுவர்கிட்ட போனா அந்தப் பக்கம் வெளிய வரும். இந்த ஊர் உன்னக் கிழிச்சுத் தோரணம் கட்டும். நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே பட் எல்லார்கிட்டயும் பேசிட்டான்."

"பட்டா? அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். நேத்து."

லென் கார் கதவை விட்டுவிட்டு அவள் பக்கம் ஒரு அடி வந்தார்.

"உள்ள மாட்டிக்கிட்டவன விட்டுட்டு வரச் சொல்றியா எங்கள?" என்றாள் கோலீன். அவள் கண் கலங்கியிருந்தது. "அது நம்ம பழக்கமா, லென்?"

"நான் மாட்டிக்கல கோலீன்!" அவர் கத்திய கத்தலில் கூடத்தின் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மாட்டிக்கப் போறவன் இனிமேதான் வரப்போறான்! அவனுக்காகத்தான்டி அத்தனை பேர் முன்னாடி என் மானத்த அவுத்து வெச்சேன்! அவனக் குடுத்துட்டா என்னக் காப்பாத்தினீங்க?"

வாசலில் நின்ற பட் சாபோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

புது ஒப்பந்தம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று காலை எட்டு மணிக்கு முதல் அழைப்பு. ஓட்டுநர் ஏறினார், லென் அவர் பக்கத்தில் ஏறினார். பின்னிருக்கையில் கோலீன் தனியாக உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.