உன் லீவு, என் லீவு

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வேலூரில் என் சிநேகிதி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லாமல் மற்ற எதைச் சொன்னாலும் புரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி தொழுகைக்குப் போகிற நாள் எங்களுக்கு லீவு; யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் லீவு அதுதான். ஞாயிறு காலை நான் வேலூரில் எங்கள் வீட்டுப் பக்கம், சத்துவாச்சாரி ஹைவேயில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவாள், என்னைத் தெரியாதவள் மாதிரி. ரிட்டையரான டீச்சர். கோபத்தைக்கூட மார்க் போடுகிற தோரணையில்தான் காட்டுவாள்.

என் சிநேகிதியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவள் குடியாத்தத்துக்காரி. வீட்டில் லுங்கி நெய்கிற பவர்லூம் ஓடும். படிப்பு முடிந்து அவளுக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை, தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் இன்னும் இரண்டு பெண்களோடு வாடகை அறை. எனக்கு ஆம்பூர். கப்பலேறுகிற பெட்டிகளுக்கு லிஸ்ட் அடிப்பது, லைன் போனால் மேஜைக்கு அடியில் தவழ்ந்து கேபிளை ஆட்டிப் பார்ப்பது, இதுதான் என் உத்தியோகம். இப்படியே போனால் பிரின்டருக்கு ரிப்பன் மாட்டியே கிழவியாகிவிடுவோம் என்று அவள்தான் ஒரு நாள் சொன்னாள். அந்தப் பெரிய பரீட்சையைப் பற்றிய பேச்சை எடுத்தவளும் அவள்தான்.

நெட்வொர்க் வேலையில் அதற்கு மேல் பரீட்சை கிடையாது என்பார்கள். முதலில் சென்னையில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் பெங்களூரில் செய்முறை. எட்டு மணி நேரம் ஒரு அறையில் உட்கார வைத்து, பத்துப் பெட்டிகளைக் கையில் கொடுத்து, இதையெல்லாம் இணைத்துப் பேச வை என்பார்கள். ரவுட்டர் என்று பெயர் அந்தப் பெட்டிக்கு. ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குத் தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். புத்தகம் படித்து இதில் ஒன்றும் கிழிக்க முடியாது, பெட்டி வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு ஆபீஸிலேயே இருக்கும். எங்களுக்கு எவன் கொடுப்பான்?

சென்னையில் அப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. அவர்கள் கழித்துப் போட்டதெல்லாம் ரிச்சி தெருவுக்கு வந்தது. மாதம் ஒரு தரம் போய் ஒவ்வொன்றாக வாங்கி, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவோம். ஒரு கண்டக்டர், இது இன்னா வீசிஆரா என்று கேட்டு, லக்கேஜ் போடாமல் விடமாட்டேன் என்றான். கடைசியில் ஏழு பெட்டி சேர்ந்தது. நாலு அவளுடையது, மூன்று என்னுடையது. ஏழும் சேர்ந்தால்தான் பரீட்சைக் கணக்குகளைப் போட்டுப் பார்க்க முடியும். எது குறைந்தாலும் வெறும் இரும்பு. எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்தோம். ஷூவை இழுத்துத் தைக்கிற கால் அச்சுகளை அடுக்கும் இரும்பு ரேக் ஒன்றைக் கம்பெனியில் கழித்துப் போட்டிருந்தார்கள், அதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஏழும் ஓடினால் உள்ளே சுற்றுகிற காற்றாடிகளின் இரைச்சல் கீழே அம்மாவின் ரேடியோவை முழுங்கிவிடும். இதெல்லாம் ஒரு சத்தமா, தறி ஓடுற எங்க வீட்ல வந்து தூங்கிப் பாரு என்பாள் அவள். அக்னி நட்சத்திரத்தில் பெட்டிகள் சூடேறி நின்றுவிடும். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினோம். சாக்கு நாற்றத்துக்கும் அம்மா எங்களுக்கு மார்க் போட்டாள்.

இருவரும் சேர்ந்தாற்போல் உட்கார ஒரு முழு நாள் கிடையாது. வெள்ளி எனக்கு, ஞாயிறு அவளுக்கு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஞாயிறன்று மாடிக்கு வந்து பழகிவிட்டுக் கிளம்பும்போது அவள் எதையாவது கெடுத்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு எண்ணை மாற்றுவாள், கேபிளைப் பார்வைக்குத் தெரியாமல் பாதி உருவி வைப்பாள், ஒரு பெட்டிக்கு வழி மறக்கடிப்பாள். வெள்ளியன்று நான் அதைத் தேடிப் பிடித்துச் சரி செய்து, அவளுக்காக வேறொன்றைக் கெடுத்து வைப்பேன். ரேக்கில் ஒரு நோட்டு தொங்கும். 'எட்டுத் தப்பு. முடிஞ்சா கண்டுபிடிடி எருமை' என்று எழுதியிருப்பாள். எட்டையும் பிடித்தால் எனக்குத் தலை கால் புரியாது. அவளுடைய கெட்ட புத்தி போகிற பாதை எனக்கு மனப்பாடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சொல் எங்களுக்குள் திருந்தியது. ஊரில் லீவு என்றால் ஞாயிறு. என் அக்கம்பக்கத்தில் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். லீவுதானே வந்துட்டுப் போ என்று ஞாயிற்றுக்கிழமைக்கு விருந்து வைப்பார்கள், நான் கம்பெனியில் இருப்பேன். ஆரம்பத்தில் நாங்களும் தடுமாறினோம். லீவுக்கு வா என்று அவள் சொல்ல, நான் வெள்ளியன்று அவள் அறைக் கதவைத் தட்டி ஏமாந்து திரும்பினேன். அதற்குப் பிறகு எங்கள் வாயில் அந்தச் சொல் தனியாக வந்ததே இல்லை. உன் லீவு, என் லீவு. உன் லீவுக்கு மறுநாள், என் லீவுக்கு முந்தின நாள். இரண்டு வருஷம் அப்படித்தான் பேசினோம்.

எழுத்துத் தேர்வில் இருவரும் ஒரே மாதம் தேறினோம். அந்தத் தேர்ச்சிக்கு ஆயுள் உண்டு. குறித்த மாதத்துக்குள் பெங்களூரில் போய் உட்காராவிட்டால் அது செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து. பெங்களூரில் இடமோ எப்போதும் நிரம்பி வழியும். இன்டர்நெட்டில்தான் பதிய வேண்டும், கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தவர்களே கம்மி. பெங்களூரில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்காரரிடம் கார்டு இருந்தது, ரெண்டு பேருக்கும் நானே போட்டுடறேன் என்றாள். எங்களுக்கு அது கடைசி மாதம். கம்பெனியில் ஏற்றுமதி சீசன், ஒரு நாள் லீவு கேட்டாலும் தலையைச் சீவுவார்கள். மேனேஜர் மேஜையிலிருந்த போனில் அவளைக் கூப்பிட்டு, என் லீவு அன்றைக்குப் பார்த்துப் போடு, வேறு நாள் என்றால் என்னால் முடியவே முடியாது என்றேன்.

"சரிடி, உன் லீவுக்கே போடறேன்" என்றாள்.

அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் இன்னும் மெயில் வரவில்லை என்பாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையில் அச்சடித்த தாள். என் பெயருக்கு வந்திருந்தது அடுத்த திங்கட்கிழமை.

"நீ லீவுக்குன்னுதானே சொன்ன. ஞாயித்துக்கெழம அங்க பரீட்ச கெடையாது. அதான் மறுநாள் போட்டேன்" என்று அழுதாள். நாள் மாற்றலாமா என்றேன். அதற்கெல்லாம் கெடு முடிந்துவிட்டது என்றாள். உனக்கு எப்போது என்று கேட்டதற்கு, எனக்குச் சீட்டே கிடைக்கவில்லை, காத்திருக்கிறேன் என்றாள்.

நான் நம்பினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நம்பியதோடு நிற்காமல் அவளைச் சமாதானமும் செய்தேன். ஊரே செய்கிற தப்பு இது, எத்தனை விருந்தில் பார்த்திருக்கிறேன், அதனால் தொண்டையில் சிக்காமல் இறங்கிவிட்டது. பாவம், தனக்குச் சீட்டு இல்லாமல் எனக்கு வாங்கித் தந்திருக்கிறாளே என்று அம்மா அவளுக்குத் தோசை ஊற்றினாள். நான் சட்னி போட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர், மகளைப் போல நடத்துவார். திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வருகிறார்கள், அன்றைக்குச் சிஸ்டம் படுத்தால் மொத்தமும் பேஜாராகிவிடும், மற்ற எந்த நாளையும் கேள், அதை மட்டும் கேட்காதே என்றார். மீறிப் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அம்மாவின் பென்ஷன் தங்கையின் படிப்புக்கே போய்விடும், வீடு ஓடியது என் சம்பளத்தில்.

வெள்ளி வந்தது. காலையிலேயே மாடிக்குப் போய் ஏழு பெட்டிகளையும் ஓடவிட்டேன், பழக்கதோஷம். வேலையில் மனசு நிற்கவில்லை. என் இடம் வீணாகத்தானே போகப்போகிறது, எனக்குப் பதில் நீயாவது உட்கார வழி உண்டா என்று விசாரித்துப் பார் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். தெருமுனை பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், இன்று வரவில்லை என்றார்கள். உடம்பு சரியில்லையோ என்று அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போட்டேன்.

"அவ நேத்தே பெங்களூர் போய்ட்டாளேம்மா. இன்னிக்குப் பரீட்சையாமே, உனக்குத் தெரியாதா?"

பூத்துக்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் ரிசீவரை வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. லீவு என்றால் ஞாயிறு என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் நினைக்கலாம். என் அம்மா நினைக்கலாம், பாதிரியார் நினைக்கலாம், அந்தப் பூத்துக்காரர் நினைக்கலாம். நினைக்க முடியாதவள் ஒருத்திதான் உண்டு. இரண்டு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பித் தவறி அந்த மாடிப்படி ஏறாதவள். உன் லீவு என்று தன் வாயாலேயே போனில் சொன்னவள். என்னிடம் ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம், வேறு எதையாவது சொல்லியிருந்தால் இந்த அளவு வயிறு எரிந்திருக்காது. நாங்கள் சேர்ந்து திருத்திய சொல்லை எடுத்து என் காதில் பூ சுற்றிவிட்டாள், நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

விஷயம் பிறகு அவள் அறைத் தோழி மூலம் தெரிந்தது. அந்த மாதத்தில் மிச்சம் இருந்தது இரண்டே இடம், அந்த வெள்ளியும் அந்தத் திங்களும். அவளுடைய அக்கா வீட்டுக்காரரின் ஆபீஸில் ஒரு வேலை காலி, திங்கட்கிழமை காலை நேர்முகம். தேர்ச்சியோடு போனால் வேலை அவளுக்கு. அதனால் வெள்ளியை எடுத்துக்கொண்டாள். தேறினாள். வேலையும் கிடைத்தது.

அந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு, பெங்களூரில் எனக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்த நேரத்தில், நான் ஆம்பூரில் சிரித்த முகத்தோடு நின்று வெள்ளைக்காரர்களுக்குச் சிஸ்டம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கோளாறும் வரவில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டி ஷாபாஷ் என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். மாதம் முடிந்தது, எழுத்துத் தேர்ச்சியும் முடிந்தது. தெரியாம பண்ணிட்டாடி, மன்னிச்சுடு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் வந்ததைவிட அம்மாமேல் கோபம் வந்தது.

மூன்று வாரம் கழித்து வந்தாள், ஒரு வெள்ளிக்கிழமை. நான் வீட்டில் இருக்கிற நாள் என்று தெரிந்தே வந்தாள், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தன்னுடைய நாலு பெட்டிகளையும் எடுத்துப் போக ஆட்டோவைக் கீழே நிறுத்தியிருந்தாள். அவை போனால் மறுபடி படிக்க என்னிடம் எதுவும் இருக்காது. அது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றினாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டி" என்றேன். "வேலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த வெள்ளிக்கெழமைய நானே உனக்குக் குடுத்திருப்பேன்."

கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் கேக்கல. கேட்டிருந்தா, காலம் பூரா நீ குடுத்த வேலையில நான் உக்காந்திருக்கணும்."

பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில் வைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். கடைசிப் பெட்டி கனமானது, ஒருத்தியால் தூக்க முடியாது. ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் நான் பிடித்தேன். படியில் பார்த்து இறங்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே கீழே வந்து, ஆட்டோவில் நானே ஏற்றிவிட்டேன்.