அந்தப் போன் இருந்த கை

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தனியார் மருத்துவமனையில் பதினேழு வருடம் மருந்துக் களஞ்சியத்தின் திறப்பு என்னிடம் இருந்தது. பட்டதாரியான எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான். டொக்டர்மார்கூட என் மேசைக்கு வந்து "ஐயா, திறப்பைத் தாங்கோ" என்று கேட்க வேண்டும். உடனே கொடுக்க மாட்டேன். கொப்பியில் கையெழுத்து வாங்கி, நேரத்தையும் எழுதிய பிறகே இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்திலிருந்து கழற்றுவேன்.

பிறகு அந்தக் கதவில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைப் பூட்டினார்கள். அனுமதி உள்ளவர் தன் போனை அதன் முன் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். அனுமதி பெற்ற ஐந்து பேரில் நான் இல்லை. மருந்தாளராக வந்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். கரண்ட் நின்றால் தேவைப்படும் என்று என் திறப்பு மேசை லாச்சிக்குள் போனது.

அவள் நல்ல பிள்ளை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. "சாப்பிட்டீங்களோ ஐயா" என்று கேட்டபடியே, நிற்காமல் கதவைத் திறந்துகொண்டு போவாள். அந்த 'டிக்' சத்தம் என் மேசை வரை கேட்கும்.

ஒருநாள் இரண்டு கையாலும் சேலைன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, மேலை கிடக்கிற போனை எடுத்து உதிலை ஒருக்காக் காட்டுங்கோ."

எடுத்துப் பிடித்தேன். தூக்கியிருந்த பெட்டிக்கு அடியிலிருந்து பெருவிரலை நீட்டி, போனின் பூட்டு விடுபட அதைத் தொட்டாள். கதவில் காட்டினேன். பச்சை எரிந்தது.

"பாத்தீங்களே, உங்களுக்கும் திறக்குது."

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஊசிமருந்துப் பெட்டி ஒன்று குறைந்தது. கதவின் பதிவில் கடைசியாக இருந்தது அவளின் போன். முகாமையாளர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"உந்தப் பிள்ளையின்ரை போனை வேறை ஆரும் பாவிச்சதைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"ஆர்?"

"முகத்தைக் காணேல்லை."

என் முகத்தை நானே எப்படிக் காண்பது என்று எனக்குள் நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படியான நியாயங்கள் இலகுவில் வரும்.

அவளையும் கேட்டார்கள். போனைக் கொடுத்தது உண்மை என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் அந்தப் பெட்டி வேறொரு தட்டில் கிடைத்துவிட்டது. ஆனால் போனைக் கைமாற்றியது குற்றந்தான். அவளின் அனுமதியை எடுத்துவிட்டார்கள். அந்த மாதம் வரவேண்டிய நிரந்தர நியமனமும் நின்றது. இனி அவள் என் கொப்பியில் கையெழுத்து வைத்துத்தான் உள்ளே போகலாம் என்று உத்தரவு.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, திறப்பைத் தாங்கோ."

நான் ஏங்கியிருந்த சொல். கொப்பியை நீட்டினேன். கையெழுத்து வைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்:

"உங்கடை பேரை நான் சொல்லேல்லை. ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம்தானே உங்களுக்கு. நீங்களே சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

மாத முடிவில் வேலையை விட்டுப் போனாள்.

என் மேசையிலிருந்து முகாமையாளரின் அறை பதினைந்து அடி இருக்கும். அந்தக் கதவில் கறுப்புப் பெட்டி இல்லை. பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். நாலு மாதமும் நான் அதைத் தாண்டித்தான் தேத்தண்ணி குடிக்கப் போய்வந்தேன்.