பின்னறை ஜன்னலும் ராத்தாவின் ஞாபகமும்

ராத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போவதற்கு முந்திய ரமழானில், அவரது கிளினிக் அட்டையில் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பைத் தமிழில் தருகிறேன்: "மறதி கூடியுள்ளது. மனச்சோர்வு. வசிக்கும் இடத்தில் புகை?" கேள்விக்குறிக்குப் பக்கத்தில் "இல்லை" என்றிருக்கிறது. அந்தப் பதில் எங்கள் வீட்டிலிருந்து போனது.

ராத்தா பாலமுனையில் பிறந்தவர். எங்கள் உம்மாவுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. உம்மா நோயில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு எங்களை வளர்த்தார். பின்னர், வாப்பா கல்முனையில் வளவு வாங்கிக் கட்டிக்கொடுத்த வீட்டில் கணவரோடு, எங்கள் மச்சானோடு, வாழ்ந்தார்.

குடும்பத்தின் பிறப்பு இறப்புகளுக்குத் திகதி தேடி எழுதி வைப்பது என் பழக்கம். எனக்கு ராத்தாதான் ஆதாரம். "நீ பொறந்தது வெள்ளத்துக்குப் பிந்தின சிறுபோகம். வயல் வட்டையால சேறோட வந்த வாப்பா ஒன்னத் தூக்கப் போக, கையக் கழுவிட்டு வாங்கண்டு உம்மா ஏசின" என்பார். பிறப்புச் சான்றிதழில் பார்த்தால் மாதம் சரியாக இருக்கும்.

ஒரே மகளுக்குக் கலியாணமானபோது வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்து, ராத்தாவும் மச்சானும் பின்னறைக்குப் போனார்கள். அடுத்த வளவில் நெல் அவிக்கும் மில் இருந்தது. அறுவடைக் காலத்தில் உமி எரியும் புகை பின்னறை ஜன்னலால் நாள் முழுதும் வரும். முன்னறைக்கு வரும்படி மகள் கெஞ்சுவார்.

"குடுத்த ஊட்டுல மருமகன்ட கண்ணுக்கு முன்னால நான் பாயப் போட்டுப் படுக்கிறயா? போகா, போய் வேலயப் பாரு."

மச்சான் காலமானது ஓர் அறுவடைக் காலத்தில். ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் அதே பின்னறையில் இத்தா இருந்தார். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவரது சிவந்த கண்களைக் கண்டு தாங்களும் அழுதார்கள்.

"கண்ணு எரியுது சாச்சி" என்று ராத்தா சொன்னபோது, எங்கள் சின்னம்மாவான சாச்சி, "எரியாமக் கிடக்குமாகா? எத்தன வருஷம் வாழ்ந்த மனிசன்" என்றார்.

"அவர் போனதுக்கு இருமலுமா வரும்?" என்று ராத்தா கேட்டார். துக்கத்திலும் அவரது வாய் சும்மா இருக்காது என்று நாங்கள் சிரித்தோம்.

அந்த நாட்களிலேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. தொழுத தொழுகையை மறுபடியும் தொழுதார். மகளைப் பார்த்து "உம்மா" என்றார். காரணமின்றி அழுதார், கோபித்தார். இத்தா முடிந்தால் மனம் தெளியும் என்று எல்லோரும் நம்பினோம். இத்தா முடிந்தது, மனம் தெளியவில்லை.

கிளினிக்கில் வைத்தியர் புகையைப் பற்றிக் கேட்டபோது, "இல்ல டொக்டர், நாங்க கேஸ்லதான் ஆக்குற" என்று மகள் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் ஓம் என்றேன். அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்குப் புகை என்றால் அடுப்புப் புகைதான். மில்லில் இருந்து வருவதை நாங்கள் அறுவடையின் வாசமாகவே அறிந்திருந்தோம்.

பிறகு கூரை மாற்றும் வேலை வர, ராத்தாவைப் பாலமுனையில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கடற்காற்றில் இருமல் குறைந்தது. கண்ணீர் நின்றது. ஒருநாள் என் மேசையைப் பார்த்து, "ஒனக்கு இன்னும் திகதிப் பைத்தியம் போகல்லியா?" என்று சிரித்தார். கூரை வேலை முடிந்ததும் "என்ட ஊட்ட கொண்டு போய் உடு" என்று நின்றார். கொண்டு போய் விட்டோம், அதே பின்னறைக்கு. அடுத்த அறுவடை முடியுமுன் போய்விட்டார்.

நீண்டகாலப் புகைக்காற்றை முதிய பெண்களின் மனச்சோர்வோடும் மறதியோடும் ஆய்வுகளில் சேர்த்து எழுதுகிறார்கள் என்பதை நான் வாசித்தது அதற்குப் பிறகுதான். ராத்தாவுக்கும் அதுதான் நடந்தது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. நானும் எழுதமாட்டேன். அவர் எரியுது என்று சொன்னபோது அந்த ஜன்னலைப் பார்த்திருக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடைசிவரை பராமரித்த மகளுக்கும் மருமகனுக்கும், குளிப்பாட்டிக் கபனிட்ட பெண்களுக்கும், ஜனாஸாவில் கலந்துகொண்ட அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அன்று யாரும் கேளாமலே மில்லின் அடுப்பை அணைத்துவிட்ட அதன் உரிமையாளருக்கும் எங்கள் நன்றி. அந்த அறையில் அன்று காற்று சுத்தமாக இருந்தது.

ஒரு குறிப்பு மீதமிருக்கிறது. பாலமுனையில் ஒரு மாலை ராத்தா சொன்னார்: "தம்பி, எழுது. நான் மூத்தவ இல்ல. எனக்கு முந்தி உம்மாக்கு ஒரு பொம்புளப் புள்ள பொறந்து மௌத்தாப் போன. அவட பேரத்தான் எனக்கும் வெச்ச." சற்றுப் பொறுத்து, "ஒங்கட மச்சான் வட்டையால வந்திட்டாரா?" என்று கேட்டார். அந்த இரண்டு பேச்சுக்கும் குரல் ஒன்றாகவே இருந்தது. சாச்சி உட்பட அந்தக் காலத்து மனிதர் எவரும் இன்று உயிரோடு இல்லை, பதிவும் கிடைக்கவில்லை. ராத்தாவுக்கு முன் ஒரு குழந்தை பிறந்ததா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.