அவங்க சேனலுக்கு வந்த வேட்பாளர்

உத்திரமேரூரில் நான் கேமரா பிடித்த கேபிள் சேனலின் முதலாளி, ஒரு கட்சியின் தீவிர ஆள். தேர்தல் சமயத்தில் ஒரு விவாதம் வைத்து, எதிரணி வேட்பாளரையும் கூப்பிட்டார். போனால் மானத்தை வாங்கிவிடுவார்கள் என்று வேட்பாளரின் ஆட்களே தடுத்தும் அந்த மனிதர் வந்துவிட்டார். கறுத்து மெலிந்தவர், சட்டைக் காலர் வியர்வையில் ஊறியிருந்தது. எதற்கெடுத்தாலும் கைகூப்புவார்.

நெறியாளர் அவரை ஒரு பதிலையும் முடிக்க விடவில்லை. குறுக்கே புகுந்த ஒவ்வொரு முறையும் அவர் கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எரிச்சலாக வந்தது.

விளம்பர இடைவேளையில் அவரிடம், "இங்க ஏங்க வந்தீங்க? இது அவங்க சேனலாச்சே" என்றேன்.

"ஓட்டு கேக்கப் போனா, அவங்க கொடி கட்டின வூட்ட வுட்டுட்டா போறோம்? அங்கயும் நின்னு கும்புட்டுக்கினுதான வர்றோம். இதுவும் ஒரு வூடுதான்" என்று கைகூப்பினார்.

"இப்ப கேமரா ஓடலீங்க."

"கேமராவுக்கு இல்லப்பா. உனக்கும் ஓட்டு கீதுல்ல?"

அந்தத் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். அவருக்கு விழுந்த ஓட்டுகளில் ஒன்று எங்கள் ஸ்டுடியோவிலிருந்து போனது என்று முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.